கஞ்சி படித்த வீடு

ஜப்பானிய மொழி படிக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. ஆசைப்பட்டவள் என் மனைவி. அவளை வகுப்புக்குக் கொண்டுபோய் விடுவதும், முடிந்ததும் பைக்கில் கூட்டிக்கொண்டு வருவதும்தான் என் பங்கு.

வடசேரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு செருப்புக் கடையின் மாடியில் அந்த வகுப்பு நடந்தது. படித்தவர்கள் பெரும்பாலும் நர்சிங் முடித்த பெண்கள். ஜப்பானில் முதியோர் இல்லங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள், மொழித் தேர்வும் தொழில் தேர்வும் எழுதித் தேறினால் போகலாம் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம். எங்கள் மாவட்டத்தில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெரு கிடையாது. ஆனால் மனைவி போவதும் கணவன் வீட்டில் இருப்பதும் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் புதிது.

அவள் நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சாக இருந்தாள். நான் கோட்டாறில் ஃப்ளெக்ஸ் போர்டும் கல்யாணப் பத்திரிகையும் வடிவமைக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். கல்யாணமாகிப் பத்து வருடம் கடந்திருந்தது. குழந்தை இல்லை. நாகர்கோவில், திருவனந்தபுரம், மதுரை என்று மருத்துவமனைகள் ஏறி இறங்கி, ஒரு கட்டத்தில் இருவருமே பேசி வைத்துக்கொள்ளாமல் போவதை நிறுத்திவிட்டோம். கேட்பவர்கள் மட்டும் நிறுத்தவில்லை.

அப்படி ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் பைக்கின் பின்னாலிருந்து சொன்னாள்.

"ஜப்பானுக்குப் போலாம்னு இருக்கேன்."

"அவ்வளவு தூரம் எதுக்கு?"

"அங்க யாரும் விசேஷம் உண்டான்னு கேக்க மாட்டாவல்லா."

பார்வதிபுரம் மேம்பாலத்தில் ஏறினோம். இறங்கியதும், "வகுப்பு எங்க நடக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

முதல் இரண்டு நாள் வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தேன். பல வருடம் ஜப்பானில் வேலை பார்த்துத் திரும்பியவர் எங்கள் டீச்சர். மூன்றாம் நாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"இங்க இருந்து கொசு கடி வாங்கதுக்கு உள்ள வந்து இரிங்க. ஆனா கையில பென்சில் இருக்கணும். சும்மா வேடிக்கை பாக்க விடமாட்டேன்."

அப்படித்தான் நான் மாணவன் ஆனேன்.

அன்று டீச்சர் பலகையில் எழுதியது ஐந்தே எழுத்துகள். வாசித்துக் காட்டினார்: அ, இ, உ, எ, ஒ. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நம் குறில்கள். நம் வரிசையிலேயே. அடுத்து வந்தவையும் கிட்டத்தட்ட அப்படித்தான்: க, ச, த, ந, இடையில் ஒரு ஹ, பிறகு ம, ய, ர, வ. எங்கோ கடலுக்கு அப்பால் இருக்கிற ஒரு நாட்டில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நம்மைப் போலவே அ, இ, உ என்று தொடங்குகிறார்கள் என்பது எனக்கு ஏதோ தூரத்துச் சொந்தத்தைக் கண்டுபிடித்தது போல இருந்தது. க-வின் தலையோரம் இரண்டு சின்னக் கோடு போட்டால் அது அழுத்தமான க. நாம் ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு 'கடல்' என்றும் 'தங்கம்' என்றும் சமாளிக்கிறோம். அவர்கள் பொட்டு வைத்துப் பிரித்துவிடுகிறார்கள்.

ஹிரகானா என்கிற இந்த முதல் எழுத்து வகையை மனப்பாடம் செய்ய டீச்சர் ஒரு வழி சொல்லித் தந்தார். எழுத்தைப் பார்த்ததும் என்ன ஞாபகம் வருகிறதோ அதைப் படமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் படத்தின் பெயரும் அதே ஒலியில் தொடங்க வேண்டும். புத்தகத்தில் இருந்த படங்கள் எல்லாம் ஆங்கிலச் சொற்களுக்கானவை. "அது உங்களுக்கு எதுக்கு? உங்க வீட்டுச் சாமானத்த வச்சுப் பிடிங்க," என்றார் டீச்சர்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சண்டையும் சிரிப்பும் எழுத்துகளைச் சுற்றியே நடந்தன. い என்பது 'இ'. இரண்டு கோடு, அதனால் 'இரண்டு'. அது நான் கண்டுபிடித்தது. の என்பது 'நொ'. பார்த்தவுடன் அவள் "நொங்கு!" என்றாள். り என்பது 'ரி'. பள்ளிக்கூடத்துச் சடையில் தொங்கும் ரிப்பன். く என்பது 'கு', குருவியின் அலகு. し என்கிற 'சி'யில்தான் முட்டிக்கொண்டது.

"இது சிரட்டை அகப்பை. காம்பு மட்டும் தெரியுது," என்றேன் நான்.

"கண்ண நல்லா தொறந்து பாருங்க. தூண்டி முள்ளுல்லா இது! மீன் சிக்கிச்சு. சிக்கிச்சுல சி."

அவள் முட்டத்துக்காரி. அவளுடைய அப்பா கடலுக்குப் போனவர். தூண்டில் முள் விஷயத்தில் நான் வாதாட முடியாது. இன்றைக்கும் அந்த எழுத்தை எழுதும்போது கீழே வளைகிற இடத்தில் என் கை கொஞ்சம் மெதுவாகும், ஏதோ சிக்கியிருக்கிற மாதிரி.

கடையில் மிச்சமிருந்த ஃப்ளெக்ஸ் துணியில் எழுத்து அட்டவணை முழுவதையும் பெரிதாக அச்சடித்து அடுக்களைச் சுவரில் தொங்கவிட்டேன். வீட்டுச் சாமான்கள் எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்டினோம். தண்ணீர்க் குடத்தில் மிசு. உப்பு டப்பாவில் ஷியோ. அரிசிப் பானையில் கொமே. என் முதுகில் ஒருநாள் ஏதோ ஒட்டியிருந்தாள். கடைக்குப் போய், வந்தவர் ஒருவர் எடுத்துக் கையில் தந்த பிறகுதான் வாசித்தேன். 'நெகோ' என்றிருந்தது. பூனை.

எங்கள் இருவருக்கும் படிப்பு வேறு வேறு மாதிரி ஏறியது. அவளுக்குக் காது நன்றாக வேலை செய்யும். டீச்சர் ஒரு வாக்கியம் சொன்னால் அதே ராகத்தில் திருப்பிச் சொல்லிவிடுவாள். வினைச்சொல் கடைசியில் வருவதும், பெயருக்குப் பின்னால் 'ஐ', 'கு' மாதிரி ஒட்டுகள் சேர்வதும், வாக்கிய முடிவில் 'கா' சேர்த்தால் நம் 'ஆ' போலக் கேள்வியாவதும் அவளுக்கு அப்படியே பிடித்துப்போனது. "தமிழ்ல யோசிச்சு வார்த்தைய மாத்திப் போட்டா போதும்," என்பாள். எனக்கு நாக்கு புரளாது. ஆனால் கை ஓடும். வருடக்கணக்காக எழுத்துகளின் உருவத்தோடு பிழைப்பவன் நான். எந்தக் கோடு முதலில், எது அடுத்து, எங்கே நிறுத்த வேண்டும், எங்கே இழுத்துவிட வேண்டும் என்று அவர்கள் வைத்திருக்கும் ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. கட்டம் போட்ட தாளில் ஒரே எழுத்தைப் பக்கம் முழுவதும் எழுதுவேன். அவள் எதிரே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே வாசிப்புப் பாடத்தைச் சத்தமாகச் சொல்வாள். நான் அவளுக்குக் கை, அவள் எனக்கு வாய் என்று வைத்துக்கொண்டோம்.

அந்த மாதங்களைத்தான் இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் நாங்கள் பேசியதெல்லாம் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், அடுத்த தேதி, யார் என்ன சொன்னார்கள். அதுவும் நின்ற பிறகு பேச ஒன்றுமில்லாமல் டிவியைப் போட்டுவிட்டுச் சாப்பிட்டோம். எழுத்துகள் வந்த பிறகுதான் கல்யாணமான புதிதில் இருந்தது போலப் பேசிக்கொண்டோம். அவள் போவதற்காகவே அந்தப் படிப்பு. அது இருவருக்கும் தெரியும். தெரிந்தும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

ஹிரகானா முடிந்து, வெளிநாட்டுச் சொற்களை எழுதுகிற கட்டகானாவும் முடிந்து, சீனத்திலிருந்து வந்த படவெழுத்துகளுக்குப் போனோம். அவற்றுக்குப் பெயர் கஞ்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை முட்டத்துக்குப் போயிருந்தபோது அவள் அம்மா மீன் கழுவிக்கொண்டே கேட்டார்.

"இப்பம் என்னதாம்ட்டி படிக்கிய?"

"கஞ்சி படிக்கோம்மா."

"கஞ்சியா? வைக்கத் தெரியாதா உனக்கு? அதுக்கு வடசேரிக்குப் போய்ப் படிக்கணுமா மக்கா?"

நானும் அவளும் சிரித்த சிரிப்பில் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டே எங்கள் இருவருக்கும் மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் வைத்தார்.

கஞ்சியில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு சின்னக் கதை. மரத்தின் பக்கத்தில் ஒரு ஆள் நின்றால் 'ஓய்வு'. கூரைக்குக் கீழே ஒரு பெண்ணை வைத்தால் 'நிம்மதி'. டீச்சர் அதைப் பலகையில் எழுதி விளக்கிய அன்று வீட்டுக்கு வந்ததும் இவள் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்குள்ள பொம்பள இருந்தா நிம்மதியாம். யாருக்கு நிம்மதி?"

நான் அகராதியைப் பார்த்து, "இதுக்கு மலிவுன்னும் ஒரு அர்த்தம் உண்டு," என்றேன்.

"அது சரியாத்தான் வச்சிருக்கானுவ," என்று எழுந்து போனாள்.

இரண்டு தேர்விலும் அவள் முதல் தடவையே தேறினாள். அந்த விசாவில் குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது என்பது எங்களுக்கு முதலிலிருந்தே தெரியும். ஆனாலும் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அவள் போய், வரிசையில் நின்று, திரும்பிப் பார்த்தபோதுதான் எனக்கு அது முழுதாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து டீ போடப் போனேன். சீனி டப்பாவில் சீனி என்றும், தேயிலை டப்பாவில் தேயிலை என்றும், அவள் கையெழுத்தில், அந்த ஊர் எழுத்தில். 'ச'வை எப்போதும் கொஞ்சம் சாய்த்துத்தான் எழுதுவாள். எத்தனை தடவை திருத்தியும் நிமிராத 'ச'.

வகுப்புக்கு இனி நான் போக வேண்டிய தேவை இல்லை. ஆனால் படிப்பை விட முடியவில்லை. ஃபோனில் ஒரு செயலி உண்டு. நாம் ஒரு சொல்லை மறக்கப் போகிற நேரம் பார்த்து அதைத் திரும்பக் காட்டும். காலையில் கடை திறந்ததும் அதைத்தான் முதலில் திறப்பேன். எளிய மொழியில் செய்தி போடும் இணையதளம் ஒன்றையும் கண்டுபிடித்தேன். கஞ்சியின் தலைமேல் பொடி எழுத்தில் உச்சரிப்பைப் போட்டிருப்பார்கள். நடை பழகும் பிள்ளை சுவரைப் பிடித்து நடப்பது போல அந்தப் பொடி எழுத்தைப் பிடித்துக்கொண்டே வாசித்தேன். அவள் இருக்கிற ஊரில் பனி விழுமா, ரயில் ஓடுமா என்று எனக்கு நாகர்கோவிலில் மழை வருமா என்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

"இன்னிக்கு உங்க பக்கம் காத்து பலமா இருக்கும்னு போட்டிருக்கு. சால்வை எடுத்துக்கோ," என்று செய்தி அனுப்புவேன்.

"இங்க உள்ளவளுக்கே தெரியாது. நீங்க கோட்டாத்துல இருந்து சொல்லுதிய," என்று பதில் வரும்.

போய்ச் சில மாதங்களில் அவளுக்கு அங்கே ஒரு சிக்கல் வந்தது. அவள் பார்த்துக்கொண்டவர்களில், தொண்டையில் அறுவை சிகிச்சை செய்து குரல் போன ஒரு பெரியம்மா இருந்தார். வேண்டியதை எல்லாம் துண்டுத் தாளில் எழுதித்தான் காட்டுவார். வயதான கை, எழுத்து ஓடும், நடுங்கும். பேச்சில் சமாளித்த என் மனைவிக்கு அந்தக் கையெழுத்தை வாசிக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் கூட வேலை செய்கிறவர்களைக் கூப்பிட வெட்கமாக இருந்தது. அங்கே படம் எடுக்கவும் அனுமதி இல்லை. அதனால் அந்த எழுத்துகளைப் பார்த்து அப்படியே ஒரு தாளில் வரைந்து, இடைவேளையில் எனக்கு அனுப்பினாள்.

வரைந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். பொருள் தெரியாமல், கோலம் பார்த்துப் போடுவது போல. அந்தப் பெரியம்மாவின் நடுக்கத்தையும் சேர்த்து வரைந்திருந்தாள். நான் கடையில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு, கோடுகளின் வரிசையைக் கையால் மேசையில் எழுதிப் பார்த்தேன். எந்தக் கோட்டிலிருந்து எந்தக் கோட்டுக்குப் பேனா போயிருக்கும் என்று பிடித்துவிட்டால் எழுத்து தெரிந்துவிடும். ஜன்னல். 'ஜன்னலைத் திறக்கவும்' என்றிருந்தது.

உடனே எழுதி அனுப்பினேன். சற்று நேரத்தில் பதில் வந்தது: "தொறந்தாச்சு. சிரிச்சாவ."

இங்கே நான் வாசிக்க, அங்கே ஒரு ஜன்னல் திறந்தது. அந்த நாள் முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

பிறகு அந்தப் பெரியம்மா இவளுக்காக எளிய ஹிரகானாவிலேயே எழுதத் தொடங்கினார். அதிலும் ஒருநாள் மாட்டிக்கொண்டோம். 'ககி தின்ன ஆசை' என்று எழுதியிருந்தார். அகராதியில் ககி என்றால் சிப்பி என்றும் இருந்தது, தக்காளி போல் இருக்கும் அவ்வூர்ப் பழம் ஒன்று என்றும் இருந்தது.

"சிப்பியாத்தான் இருக்கும். எனக்கே தின்னணும்போல இருக்கு," என்றாள் முட்டத்துக்காரி.

"விழுங்க முடியாதவங்களுக்குச் சிப்பியைக் குடுத்துராத. அத கஞ்சியில எழுதிக் காட்டச் சொல்லு."

எழுதிக் காட்டியதை வரைந்து அனுப்பினாள். இடது பக்கம் தெளிவாக ஒரு மரம் நின்றது. மரம் என்றால் பழம்தான். ஒரே ஒலியில் இத்தனை சொற்களை வைத்துக்கொண்டு இவர்கள் ஏன் இவ்வளவு கஷ்டமான எழுத்தை விடாமல் பிடித்திருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. டாக்டரிடம் கேட்டு, பழத்தை மசித்துக் கொஞ்சமாகக் கொடுத்தார்களாம்.

இதையெல்லாம் நான்தான் வாசித்துச் சொல்கிறேன் என்று ஒருநாள் இவள் அவரிடம் சொல்லிவிட்டாள். அதைக் கேட்டுப் பெரியம்மா எழுதியதை இவள் எனக்கு அனுப்பினாள். கோஷுஜின்னி யொரோஷிகு. 'உங்கள் கணவரை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்' என்று வைத்துக்கொள்ளலாம். அதைவிடக் கொஞ்சம் கூடுதல். 'அவர் என்மேல் அன்பாக இருக்கட்டும்' என்றும் அதில் இருக்கிறது. என் மனைவியின் வீட்டுக்காரர்களும் என் வீட்டுக்காரர்களும் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு போன காலம் அது. பெண்டாட்டியை அனுப்பிவிட்டு இருக்கிறவன் என்று. எங்கோ படுக்கையில் இருந்த ஒருவர், என்னைப் பார்க்காதவர், என்னை மரியாதையாக விசாரித்திருந்தார்.

அடுத்த குளிர்காலத்தில் அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு எனக்கு வாசிக்கத் தாள் எதுவும் வரவில்லை.

நானும் போக ஒரு முயற்சி செய்தேன். உணவுத் தொழிற்சாலை ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். வீடியோவில் நேர்காணல். திரையில் வந்தவர் சிரித்த முகத்தோடு ஏதோ கேட்டார். ஒரு சொல்கூடக் காதில் நிற்கவில்லை. திரும்பக் கேட்டார். நான் பயிற்சி செய்து வைத்திருந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னேன்: "தயவுசெய்து எழுதிக் காட்டுவீர்களா?" அவர் எழுதவில்லை. தலையை லேசாகத் தாழ்த்தி நன்றி சொன்னார். அந்த நன்றி மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது.

அவள் விடுமுறைக்கு வந்தது இரண்டு வருடத்துக்குப் பிறகு. திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில் டாக்சிக்காரர்கள் பெயர்ப் பலகைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வரிசையில் நானும் ஒரு அட்டையோடு நின்றேன். அச்சடிக்கவில்லை. தூரிகையால் என் கைப்பட எழுதியது: ஒகாயெரி. வீட்டுக்குத் திரும்பி வருகிறவரிடம் வீட்டிலிருப்பவர் சொல்வது.

"ஜப்பான்காரன் ஆராவது வாறானா சேட்டா?" என்று பக்கத்திலிருந்த டிரைவர் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

அவள் தள்ளுவண்டியோடு வந்தாள். மெலிந்திருந்தாள். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். அட்டையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் உதடு ஒவ்வொரு எழுத்தாக அசைவதைப் பார்த்தேன், மாடி வகுப்பில் முதல் வாரம் வாசித்த மாதிரி. அதற்கு 'இதோ வந்துவிட்டேன்' என்று பதில் சொல்ல வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை. "பசிக்கு," என்றாள்.

வீட்டில் இருந்த நாட்களில் சொந்தக்காரர்கள் வந்தார்கள். சாக்லேட்டை வாங்கிக்கொண்டார்கள். ஒரு அத்தை கதவைத் தாண்டும் முன்பே, "அங்க நல்ல டாக்டர் உண்டாமே, காட்டினியா?" என்றார். மறுநாள் காலையில் நான் கடையைத் திறக்காமல் அவளைக் கூட்டிக்கொண்டு முட்டத்துக்குப் போனேன். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைகளில் உட்கார்ந்தோம். கடல் கலங்கிக் கிடந்தது.

"அங்கயும் கேக்காவ," என்றாள் திடீரென்று.

"என்ன?"

"பிள்ளைங்க உண்டான்னு. எல்லா பாட்டிமாரும் கேப்பாவ. ஆனா மறந்திருவாவல்லா. மறுநாளும் புதுசாக் கேப்பாவ." அவள் கடலைப் பார்த்தே பேசினாள். "ஒருநாள் இல்லன்னு சொன்னேன். ஒருநாள் பெண்பிள்ள ஒண்ணுன்னு சொன்னேன். போன மாசம் ஒரு பாட்டிகிட்ட, ரெண்டு, மூத்தது ஸ்கூலுக்குப் போவுதுன்னு சொன்னேன். எவ்வளவு சந்தோஷப்பட்டாவ தெரியுமா? என் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாவ."

அவள் கையை எடுத்து வைத்துக்கொண்டேன். கிருமிநாசினி போட்டுப் போட்டு விரல்கள் சொரசொரவென்று இருந்தன.

"மூத்தது எந்த கிளாஸ்?" என்று கேட்டேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். "ஒண்ணாங் கிளாஸ்," என்றாள். "இப்பதான் எழுத்து படிக்கா."

பிறகுதான் அவள் மனதில் வைத்திருந்ததைச் சொன்னாள். மூன்று வருடம் வேலை செய்தவர்கள் அந்நாட்டுப் பராமரிப்புப் பணியாளர் தேர்வை எழுதலாம். தேறினால் விசா மாறும். கணவனைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் புத்தகம் முழுவதும் கஞ்சி.

"பேசதுக்கு எனக்கு நீங்க வேண்டாம். வாசிக்க வேணும். சொல்லித் தருவியளா?"

"என்னால பேச முடியாதுட்டி. அங்க வந்து நான் என்ன செய்யப் போறேன்?"

"அத அப்புறம் பாப்போம். மொதல்ல கஞ்சியச் சொல்லித் தாங்க."

அவள் திரும்பிப் போன பிறகு அந்தப் பாடம் தொடங்கியது. நமக்கு ஆறு மணி என்றால் அவளுக்கு ஒன்பதரை. கடையில் விளக்குப் போட்டு, ஒரு கட்டன் சாயாவை வாங்கி வைத்துக்கொண்டு வீடியோவைத் திறப்பேன். அவள் ஷிஃப்ட் முடித்துக் குளித்து, ஈரத்தலையோடு உட்கார்ந்திருப்பாள். கேட்டால் தேர்வுத் தாளில் உச்சரிப்பைப் பொடி எழுத்தில் போட்டுத் தருவார்கள். ஆனால் உச்சரித்தால் போதுமா? பொருள் தெரிய வேண்டாமா? நான் ஒவ்வொரு எழுத்தையும் உடைத்துக் காட்டுவேன். விழுங்குவது என்ற சொல்லில் வாய்க்குப் பக்கத்தில் ஒரு குருவி இருக்கும். குருவி வாய்க்குள் போகிறது, அவ்வளவுதான் என்பேன். பாதுகாப்பதற்கான எழுத்தில் ஒரு சொல், கொஞ்சம் புல், ஒரு பறவை, கீழே ஒரு கை. "பறவையைக் கையில வச்சுக்கிட்டு அதுகிட்ட பேசணும். அதான் உன் வேலை," என்பேன். அவள் தாளில் எழுதிக் கேமராவுக்குக் காட்டுவாள். கோடு தப்பினால் நிறுத்துவேன். பல நாள் பாதியிலேயே அவள் கண் சொருகிவிடும். ஃபோன் எதன்மேலோ சாய்ந்திருக்க, அவள் தலை மேசையில் கிடக்கும். நான் கூப்பிட மாட்டேன். சாயா ஆறும்வரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அணைப்பேன்.

சென்ற ஜனவரியில் தேர்வு எழுதினாள். மார்ச்சில் முடிவு வந்தது. தேறவில்லை. அதிகமாகத் தப்பிவிடவில்லை என்றாள். கொஞ்சத்தில் போனதுதான் கூடுதலாக வலித்தது. அன்று பாடம் இல்லை. ஆனால் இருவரும் ஃபோனை வைக்கவில்லை. அவள் பக்கம் ஏதோ ரயில் போகிற சத்தம். என் பக்கம் கோட்டாறுச் சந்தைக் கூச்சல்.

"உங்களுக்கு அங்க மழையா?" என்று கேட்டாள்.

"இல்ல. ஷட்டர் இழுக்க சத்தம்."

"மழைன்னு நெனச்சேன்," என்றாள்.

அடுத்த ஜனவரிக்கு மறுபடியும் படிக்கிறோம். இந்தத் தடவை நான் ஒழுங்காகக் காதையும் பழக்குகிறேன். கடையில் வேலை செய்துகொண்டே அவர்கள் பேச்சைக் கேட்கிறேன். கல்யாணப் பத்திரிகைக்கு வருகிறவர்கள் இது என்ன பாட்டு என்று கேட்கிறார்கள். பத்துச் சொல் போனால் ஒரு சொல் நிற்கிறது.

போன வாரம் வேலைக்குப் போகும் வழியில் அவள் ஒரு படம் அனுப்பினாள். ஒரு கடையின் கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவிப்பு. படத்தோடு ஒரு வார்த்தையும் இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். வாடகை வீட்டு விளம்பரம். நடுவில் சிவப்பில் ஐந்து கஞ்சி எழுத்துகள். இரண்டு, ஆள், நுழை, குடியிரு, அனுமதி.

கூப்பிட்டேன். "ரெண்டு பேர் குடியிருக்கலாம்னு போட்டிருக்கு," என்றேன்.

"அது எனக்கே வாசிக்கத் தெரியும்," என்றாள். "உங்களுக்குத் தெரியுதான்னு பாத்தேன்."

பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள். அந்த அறிவிப்பில் இன்னும் நிறைய எழுதியிருந்தது, பொடிப் பொடியாக: எத்தனையாவது மாடி, வெயில் எந்தப் பக்கம் விழும், ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்றெல்லாம். முழுவதையும் வாசித்து முடிக்க எனக்கு அன்று சாயங்காலம் ஆகிவிட்டது.